சான்றிதழை வாசிப்பது யார்?

2018ஆம் ஆண்டில் குவைத்தில் வேலை பார்த்துவந்த இந்தியப் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு வசிப்பு அனுமதியைப் புதுப்பிப்பது பெரும் சிக்கலாகிவிட்டது. பொறியாளர் என்ற பதவிப் பெயரோடு அனுமதி வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிவர வேண்டும் என்று அந்நாட்டு மனிதவள ஆணையம் நிபந்தனை விதித்தது. சங்கம் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். படித்த படிப்பு இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ., அங்கீகரித்ததா? ஆம் என்றால் சான்று உண்டு, இல்லையென்றால் கிடையாது.

என்.பி.ஏ. தொடங்கியதே 1994இல்தான். அதன் அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைக்காது. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் கிடைக்கும். ஆகவே 1980களில் பட்டம் வாங்கியவர்களும், பெயர்பெற்ற கல்லூரியில் படித்தும் தாங்கள் படித்த காலத்தில் தங்கள் பிரிவுக்கு அங்கீகாரம் இல்லாதவர்களும் திடீரென்று பொறியாளர் அல்லாதவர் ஆனார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகள் எண்ணெய் வயலிலும் கட்டுமானத் தளத்திலும் அவர்கள் செய்த வேலை அந்த மேசையில் எந்த எடையும் பெறவில்லை. பதவிப் பெயரை மாற்றிக்கொண்டு தங்குவதா, ஊர் திரும்புவதா என்று நடுவயதில் யோசிக்க வேண்டியிருந்தது.

இதை அதிகாரிகளின் மூடத்தனம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் நிலையிலிருந்து பார்த்தால் வேறு ஒன்று தெரியும். ஒருவர் இருபது ஆண்டுகள் என்ன கட்டினார், எப்படிக் கட்டினார் என்று தெரிந்துகொள்ள அந்தத் துறையில் தேர்ந்த இன்னொருவர் பல மணி நேரம் உட்கார்ந்து வரைபடங்களைப் பார்க்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், தம் முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு குமாஸ்தா போதும். கல்விச் சான்றிதழின் நடைமுறை மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. வாசிக்கிற செலவை மிச்சப்படுத்துவதே சான்றிதழின் பயன். மாணவர் செய்த வேலையின் பதிவு, அது ரெக்கார்டு நோட்டோ, புராஜெக்ட் அறிக்கையோ, பயிற்சிக்காலக் குறிப்பேடோ, வாசிக்க ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் விலைபோகிறது.

பொருளியலாளர்கள் இதைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதித்துவருகிறார்கள். கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூல், படிப்பு ஒருவரின் உழைப்புத் திறனைக் கூட்டுகிறது, அதனால் சம்பளம் கூடுகிறது என்றது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய கட்டுரை அதில் ஒரு குண்டூசியைக் குத்தியது. படிப்பு திறனைத் துளியும் கூட்டாவிட்டாலும் பட்டத்துக்கு மதிப்பிருக்க முடியும் என்று அவர் காட்டினார். திறமைசாலிக்குப் பட்டம் வாங்குவது மற்றவரைவிட எளிது என்ற ஒரே நிபந்தனை போதும். வேலை கொடுப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. வெளியே தெரியும் அடையாளத்தை நம்புகிறார். ஸ்பென்ஸ் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த இருவரில் யார் சொல்வது சரி என்பதைவிட, இருவருமே அதிகம் பேசாத மூன்றாவது ஆளான சான்றை வாசிப்பவர்மீதுதான் என் கவனம்.

தமிழ்நாட்டில் அந்த வாசகர் மாறிய காலத்தைக் கிட்டத்தட்டச் சுட்டிக்காட்ட முடியும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளைக்குப் பட்டம் அரசுப் பணியின் கதவைத் திறந்தது. கடைசியில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி வரை போனார். அவரோடு பதிப்புலகில் சேர்த்துப் பேசப்படும் உ.வே. சாமிநாதையரிடம் பட்டம் ஏதும் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதே அவருடைய தகுதி. 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அவருக்குத் தமிழாசிரியர் வேலை கிடைத்தது, அந்தப் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார் பரிந்துரைத்ததால். செட்டியாரும் மகாவித்துவானின் மாணவர். சாமிநாதையர் என்ன படித்திருக்கிறார் என்று நேரில் அறிந்தவர். அவர் சொல்லே சான்றிதழ். அந்த முறைக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. செட்டியாரைத் தெரியாதவனுக்கு அந்தக் கதவு கிடையாது. குருவின் வீட்டுத் திண்ணையில் உட்காரவே முடியாத சாதியில் பிறந்தவனுக்கு யார் பரிந்துரை எழுதுவார்? பெயரும் ஊரும் தெரியாத தேர்வாளர் திருத்திய விடைத்தாளுக்குக் கிடைத்த மதிப்பெண், எத்தனை குறையுடையதானாலும், அந்த ஒரு வகையில் விடுதலை. தமிழ்நாட்டில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள் அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதைக் கேலி செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சான்றிதழ் இல்லாமல் வேலைப்பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டவர் ராமானுஜன். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் பெரும்பாலும் மேதையின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதை ஒரு நோட்டுப்புத்தகம் வாசகரைத் தேடி அலைந்த கதையாகவும் படிக்கலாம்.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை ஆங்கிலத்தில் தேறாமல் இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தோல்வி. அன்றைய மாகாணத்தில் எஃப்.ஏ. தேறாதவருக்கு மேற்படிப்பு என்ற பாதையே கிடையாது. 1910இல் தம் நோட்டுகளோடு திருக்கோவிலூர் போய் துணைக் கலெக்டர் வி. ராமசுவாமி ஐயரைப் பார்த்தார். ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை கிடைக்காதா என்பதுதான் கோரிக்கை. ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டைத் திறந்ததும் தம் முன்னால் இருப்பது என்ன என்று ஊகிக்க முடிந்தவர். அவர் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர், பிறகு நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ். ஒவ்வொருவரும் கொஞ்சம் வாசித்தார்கள், ஓரளவுக்கு மேல் வாசிக்க முடியாமல் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை.

லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில் என்பவருக்கு ராமானுஜனின் முடிவுகள் அனுப்பப்பட்டன. அவர் அக்கறையோடுதான் பார்த்தார். முடிவிலித் தொடர்களைக் கையாள்வதில் வழக்கமான பள்ளங்களில் இந்த இளைஞர் விழுந்துவிட்டதாக அவருக்குப் பட்டது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போனது. ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் உட்கார்ந்து படித்த பிறகே அந்தத் தாள்களுக்கு விலை வந்தது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே கொடுக்க வேண்டிய தொகை அது. விதியை வளைத்துத்தான் கொடுத்தார்கள். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வை ஏற்று பி.ஏ. பட்டம் வழங்கியது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

திருக்கோவிலூரிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை நோட்டில் இருந்த கணிதத்தின் தரம் மாறவில்லை. வாசகர்கள்தான் மாறினார்கள். வேலைப்பதிவை நம்பி ஒருவர் மேலே வருவதற்கு இத்தனை பேர் தற்செயலாக வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதும், அப்படி யாரும் நிற்காத எத்தனையோ நோட்டுகளைப் பற்றி நமக்குக் கேள்வியே எழாது என்பதும் சேர்த்து யோசிக்க வேண்டியவை.

சான்றிதழுக்குக் கல்வியோடு தொடர்பே இல்லாத பயன்களும் உண்டு. நடைமுறையில் பலருக்கு அவையே பெரிய பயன்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் பிறந்த தேதிக்கு ஆதாரம். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. தேறாதவரின் பாஸ்போர்ட்டில் அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும்; 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் அவர் அதற்கான அலுவலகத்தில் ஒப்பந்தத்தைக் காட்டி அனுமதி வாங்கியாக வேண்டும். ஏமாற்றப்படுவோரைக் காப்பாற்றத்தான் இந்த விதி. அதன் கணக்கில், முக்கோணவியல் தேர்வில் தேறியவர் ஏஜெண்டிடம் ஏமாறமாட்டார்.

லாரி ஓட்டுநர் விதி இதைவிடத் தெளிவான உதாரணம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சரக்கு வாகனம், பயணிகள் வாகனம் ஓட்டுவதற்கான உரிமம் வேண்டுமானால் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று நீண்ட காலம் இருந்தது. மலைப்பாதையில் பதினாறு சக்கர வண்டியைப் பின்னோக்கி எடுக்கத் தெரிந்தவர் எட்டாம் வகுப்பு இல்லாததால் உரிமம் இல்லாமல் ஓட்டினார், அல்லது மாற்றுச் சான்றிதழ் ஒன்றை எங்கிருந்தோ ‘ஏற்பாடு’ செய்தார். 2019இல் மத்திய அரசு அந்த விதியை நீக்கியது. ஓட்டுநர் பற்றாக்குறையும் ஒரு காரணம். வண்டி ஓட்டத் தெரியுமா என்பதைச் சோதிக்க வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்வதே வழி என்ற முடிவுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

அமெரிக்காவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய் 1971இல் தீர்ப்பு வந்தது. வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனத்தின் டேன் ரிவர் அனல் மின்நிலையம். அங்கே கறுப்பினத் தொழிலாளர்கள் கடைநிலைக் கூலிப் பிரிவில் மட்டும் வைக்கப்பட்டிருந்தார்கள். மற்றப் பிரிவுகளுக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்று 1955இல் நிறுவனம் விதி வைத்தது. 1965இல் வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எழுத்துத் தேர்வுகளையும் சேர்த்தது. அந்த விதிக்கு முன்பே சேர்ந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் அதே பிரிவுகளில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள். கிரிக்ஸ் வழக்கு என்று பெயர்பெற்ற இதில் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது இதுதான்: கேட்கப்படும் தகுதி செய்ய வேண்டிய வேலையோடு தொடர்புடையது என்று நிறுவனம் காட்ட வேண்டும், காட்ட முடியாமல் ஒரு பிரிவினரை மட்டும் வெளியே நிறுத்துமானால், நோக்கம் நல்லதானாலும் அது செல்லாது. நம் ஊர் வேலை விளம்பரங்களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது என்று போடுகிற நிறுவனங்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பதினைந்து வயதில் வாங்கிய சமூக அறிவியல் மதிப்பெண்ணுக்கும் மென்பொருள் எழுதுவதற்கும் என்ன தொடர்பு? விண்ணப்பக் குவியலைப் பாதியாக்க அது உதவுகிறது. அவ்வளவுதான்.

குவியல் பெருகப் பெருக வேலியின் உயரமும் கூடும். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1976இல் எழுதிய ‘தி டிப்ளமா டிசீஸ்’ இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நான்கு நாடுகளை எடுத்துக்கொண்டு இதை விளக்கியது. நவீனத் தொழில்வளர்ச்சிக்கு ஒரு நாடு எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு கடுமையாக அங்கே வேலைகள் சான்றிதழோடு கட்டப்படும். பள்ளிகள் கற்பிப்பதை விட்டுத் தகுதி வழங்குவதையே தொழிலாகக் கொள்ளும் என்பது அவர் வாதம். இலங்கையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. படித்துவிட்டு வேலை கிடைக்காத கிராமப்புற இளைஞர்கள் 1971இல் அங்கே ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தந்த ஊரின் தொழிலை மாணவர் பார்த்து, செய்து, பதிவுசெய்து படிக்க வேண்டும். பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. விவசாயி மகன் மறுபடி விவசாயத்தைப் படிக்கவா பள்ளிக்கூடம் என்ற கேள்வி நியாயமானதே. உத்தியோகத்தின் வாசலில் அந்தப் பதிவை யாரும் வாசிக்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு பழைய ஜி.சி.இ. தேர்வுமுறை திரும்பியது.

தமிழ்நாட்டில் இதன் முகம் குரூப் 4 தேர்வு. 2024இல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கேட்ட தகுதி பத்தாம் வகுப்பு. தேர்வெழுத வந்தவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் இருந்தார்கள். ஆக, பட்டம் பயனற்றது என்று சொல்லிவிட முடியுமா? அதற்கும் அரசுப் பணி இடம் கொடுப்பதில்லை. எந்தப் பட்டம், எந்த வரிசையில் என்பதில் அது கண்டிப்பானது. பள்ளிப் படிப்பும் இளங்கலையும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழக வழியில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் வேலைக்குச் செல்லாது என்று 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடப்பிரிவின் பெயரில் ஒரு சொல் கூடிவிட்டால் அது மூலப் பாடத்துக்கு இணையானதுதான் என்று தனி அரசாணை வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். சலுகை நியாயமானது, பட்டப்படிப்பை மட்டும் தமிழ்வழியில் முடித்துவிட்டு உள்ளே நுழைந்தவர்களைத் தடுக்கத்தான் திருத்தம். ஆனால் மூடப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளியின் பதிவேட்டைத் தேடி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் நிற்கிற முப்பது வயது விண்ணப்பதாரருக்கு, படிப்பைவிடப் படித்ததற்கான ஆதாரம் கடினமாகிவிடுகிறது.

இனி மாணவரின் வேலைப்பதிவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி முடித்த எவருக்கும் ரெக்கார்டு நோட்டு தெரியும். பிரவுன் அட்டை; ஒரு பக்கம் கோடு போட்டது, எதிர்ப்பக்கம் படத்துக்கும் அட்டவணைக்கும் வெள்ளைத்தாள். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு. முதல் பக்கத்தில் இந்த மாணவர் இந்த ஆண்டில் இந்தச் சோதனைகளைச் செய்தார் என்ற சான்றும், ஆசிரியர், புறத்தேர்வாளர் கையெழுத்துகளுக்கான இடமும். ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவுகள் முதலில் அப்சர்வேஷன் நோட்டில் ஏறும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், ரெக்கார்டில் எழுதிவர வேண்டும். பெரும்பாலும் எழுதப்படுவது முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டைப் பார்த்து. தனி ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வராவிட்டால், வரும்படி அலைவு நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு நிரப்பும் கலை பதினேழு வயதுக்குள் கைவந்துவிடுகிறது.

சோம்பேறித்தனம் என்று மாணவரைத் திட்டுவதில் பொருளில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை மதிப்பெண் பாட மதிப்பெண்ணோடு சேர்கிறது. 2007இல் நுழைவுத்தேர்வு போன பிறகு பொறியியல் சேர்க்கை முழுக்க அந்த மதிப்பெண்ணில் கணக்கிடப்படும் 200க்கான கட்-ஆஃப் மீதுதான். அரை மதிப்பெண் போனால் தரவரிசையில் நூற்றுக்கணக்கானோர் முன்னால் போய்விடுவார்கள். தம் மாணவருக்கு நேர்மையாக இரண்டு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர் குறைக்காதபோது, அந்த மாணவரைத் தண்டிக்கிறார். எனவே யாரும் குறைப்பதில்லை. எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கும் பதிவேட்டை யாரும் வாசிக்கத் தேவையில்லை. யாரும் வாசிக்காத பதிவேட்டைப் பார்த்து எழுதுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்ட் இதே கதையின் விலை கூடிய வடிவம். கல்லூரிகள் உள்ள ஊர்களில் புராஜெக்ட் செய்து தரும் கடைகள் விளம்பரப் பலகையோடு இயங்குகின்றன.

இதில் எனக்கு உறுத்துவது காப்பியடிப்பதுகூட இல்லை. உண்மையான பதிவான அப்சர்வேஷன் நோட்டைத் தூக்கியெறிந்துவிட்டு, திருத்தி அழகாக்கிய நகலைப் பதிவு என்று பாதுகாக்கும் பழக்கம்தான். மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இது நேர் தலைகீழ். அளவை எடுத்த கணத்திலேயே எண்ணிட்ட ஏட்டில் எழுத வேண்டும். தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் காரணமும் போட வேண்டும். உதிரித் தாளில் குறித்துவைத்துப் பிறகு ஏட்டில் அழகாக ஏற்றுவது அங்கே குற்றம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் இந்தியத் தொழிற்சாலைகளில் குப்பைத்தொட்டிகளைக் கிளறித் தேடியதே அப்படிப்பட்ட தாள்களைத்தான். 2010களில் பல இந்திய நிறுவனங்களுக்குத் தரவு நேர்மை தொடர்பாக எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. வேதியியல் பட்டதாரி ஆறேழு ஆண்டுகள் பழகிய ஃபேர் காப்பிப் பழக்கத்தை அந்த வேலையின் முதல் மாதத்திலேயே மறந்தாக வேண்டும். அந்த ஏட்டுக்கு ஒரு வாசகர் உண்டு. அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பார். எழுதுகிற விதமே மாறுவது அதனால்தான்.

2020இல் ஒருமுறை தமிழ்நாடே மாணவர் பதிவேட்டை வாசிக்க வேண்டியதாயிற்று. கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டார்கள். மதிப்பெண்ணைக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதமும் வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுப்பது என்று முடிவானது. அதுவரை அலமாரியில் தூங்கிய மதிப்பெண் பதிவேடுகளுக்கும் விடைத்தாள்களுக்கும் ஒரே வாரத்தில் விலை வந்தது. விலை வந்ததும் சந்தேகமும் வந்தது. பள்ளிகள் மதிப்பெண்களைத் திருத்துகின்றனவோ என்ற புகார்கள் எழுந்தன. அதே கோடையில் இங்கிலாந்தில் ஆசிரியர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த ஏ-லெவல் தரங்களைத் தேர்வு ஒழுங்காற்று அமைப்பு நம்பவில்லை. கணினி வாய்பாட்டை வைத்து ஏறத்தாழ 40 சதவீதத் தரங்களைக் குறைத்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில் வாய்பாடு கைவிடப்பட்டது. ஆசிரியரின் தீர்ப்பைச் சாதாரணக் காலத்தில் ஒரு பொருட்டாக மதிக்காத அமைப்பு, நெருக்கடியில் திடீரென்று அதைச் சான்றிதழாக மாற்ற முயன்றால் இப்படித்தான் ஆகும்.

வேலைப்பதிவு ஒழுங்காக வாசிக்கப்படும் துறைகளும் இருக்கின்றன. கப்பல் அதில் ஒன்று. மேல்தளக் கேடட்டாகச் சேரும் பையனிடம் ஒரு பயிற்சிப் பதிவுப் புத்தகம் கொடுக்கப்படும். மாலுமிகளின் பயிற்சி, சான்றளிப்பு பற்றிய 1978ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை அதற்கு அடிப்படை. சுக்கான் பிடித்தது, கலங்கரை விளக்கின் திசைக்கோணம் எடுத்தது, உயிர்காப்புப் படகை இறக்கியது, சரக்குக் கிடங்கைச் சோதித்தது என்று ஒவ்வொரு வேலையையும் செய்துகாட்டி, கூட இருந்த அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கப்பல் தலைவர் அவ்வப்போது புத்தகத்தைப் பார்ப்பார். இந்தப் பதிவோடு கூடிய பயிற்சி என்றால் ஓராண்டு கடற்பணி போதும். இல்லையென்றால் மூன்று ஆண்டுகள் வேண்டும். ஒழுங்கான பதிவேட்டின் விலை இரண்டு ஆண்டுகள் என்று உடன்படிக்கையே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் சென்னை போன்ற துறைமுகங்களில் உள்ள வணிகக் கடல்துறை அலுவலகத்தில் ஒரு சர்வேயர் எதிரே உட்கார்ந்து வாய்மொழித் தேர்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் ஓரலில் திரும்பத் திரும்ப விழுவது கடலோடிகளிடையே சாதாரணப் பேச்சு. போலிக் கடற்பணிச் சான்றுகள் அங்கேயும் உண்டு. ஆனால் அது பிடிபடக்கூடிய குற்றமாகவே நீடிக்கிறது. கையெழுத்துப் போட்ட அதிகாரியே நாளை இரவுக்காவலில் அந்தப் பையனிடம் கப்பலை ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகவேண்டும்.

கரையில், தொழிற்சாலைப் பட்டறைகளில் நிலைமை வேறு. தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 1973இல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் சேர்க்கப்பட்டார்கள். பெல், என்.எல்.சி., ஐ.சி.எஃப். போன்ற இடங்களில் பயிற்சி முடித்தவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அவர்களுடைய ஓராண்டு வேலை அந்தப் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் மட்டும் சட்டத்தில் இல்லை. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. ஆனால் ஆள்சேர்ப்பு பட்டறையில் நடப்பதில்லை. எங்கோ ஒரு கணினித் தேர்வு மையத்தில் நடக்கிறது. வேலையைப் பார்த்த ஃபோர்மேனுக்குத் தேர்வில் குரல் கிடையாது. ஃபோர்மேனிடம் அதிகாரம் கொடுத்தால் சிபாரிசும் லஞ்சமும் வரும் என்ற பயம் அதற்குக் காரணம், அந்தப் பயமும் பொய்யில்லை. தியாகராச செட்டியாரின் சொல்லிலிருந்து தப்பித்து வந்த பாதை இது.

தனியார் துறையில் சென்னையின் ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாகப் பட்டம் இல்லாத மாணவர்களைப் பள்ளி முடித்ததும் எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையில் வைக்கிறது. பட்டம் தேவையில்லை என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுபவர்கள் செலவைச் சொல்வதில்லை. உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டுகள் அருகே வைத்துப் பார்த்து, பிறகு எடுக்கிறார்கள். வாசிக்கும் செலவை ஒரு நிறுவனம் தானே ஏற்றுக்கொண்டால்தான் சான்றிதழை விட முடியும். பத்து நிமிட நேர்காணலில் ஆயிரம் பேரை எடுக்கும் நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது.

இப்போது சான்றிதழ்கள் டிஜிலாக்கரிலும் தேசியக் கல்விச் சேமகத்திலும் ஏறிவருகின்றன. கள்ளச் சான்றிதழ் அச்சடிப்பவர்களுக்கு இது கெட்ட செய்தி. மெய்த்தன்மைச் சான்றுக்காகப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு நல்ல செய்தி. சான்றிதழை வாசிக்கும் செலவு ஏறத்தாழப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மறுபக்கம், புராஜெக்ட் அறிக்கையும் நிரலும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் சில நிமிடங்களில் எழுதப்படுகின்றன. கடைக்குப் போகும் செலவுகூட மிச்சம். தாளில் இருப்பதை வைத்து மாணவர் செய்தாரா என்று சொல்ல முடியாத நிலையில், மிஞ்சுவது எதிரே உட்காரவைத்துக் கேட்கும் வைவா. பெரும்பாலான கல்லூரிகளில் இன்று அது ஒரு முற்பகலுக்குள் ஒரு பேட்ச் முழுவதையும் முடித்துவிட்டு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடும் சடங்கு. அதை ஒரு மாணவருக்கு அரை மணி நேரமாக மாற்ற ஆய்வுக்கூடமோ மென்பொருளோ வேண்டாம். தேர்வாளர்களின் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்ட வேண்டும், அவர்களுக்குக் கொடுக்கும் தொகையைக் கூட்ட வேண்டும், குறைவான மதிப்பெண் போட்டவரை யாரும் தொலைபேசியில் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றில் முதல் இரண்டுக்குப் பணம் போதும்.